ஒரு பிளம்ஸ் காணும்

எட்டு மணித்தியாலம் கார் ஓடிப் போய், மலையடிவாரத்தில் இறங்கி, காலில் கட்ட வேண்டியதையெல்லாம் கட்டிக்கொண்டு அரைவாசித் தூரம் ஏறி, பனியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "சரி, திரும்புவம்" என்று சொல்லக்கூடிய ஒரேயொரு தமிழ்ப் பெண்ணை எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வருத்தமும் இருக்காது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்கூட அதைவிட அதிகமாக அலுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'திரும்பி வாற அக்கா'. மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நான் முன்பு குடியிருந்த கட்டடத்தில் எனக்கு மேல்மாடி. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, துடைத்து, உடுப்பு மாற்றிவிடும் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், ஐந்தடிக்கு மேல் ஒரு அங்குலமும் வளராதவர். பனிக்காலம் வந்தால் மாதத்துக்கு ஒரு தடவை நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு கஸ்பேசிப் பக்கம் சிக்-சொக் மலைகளுக்குப் புறப்பட்டுவிடுவார். சறுக்கிறவர்களுக்கென்று இழுவைக் கதிரையும் கோப்பிக் கடையும் வைத்த மலை அல்ல அது. வழியும் இல்லை, காவலும் இல்லை. பனிச்சரிவு விழுந்தால் கூடப் போனவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

லிஃப்டில் கண்டால் சும்மா விடமாட்டேன்.

"அக்கா, இந்தமுறை எதுமட்டும் போய்த் திரும்பினனீங்கள்?"

"போனமுறையிலும் பார்க்க நூறு மீற்றர் குறைய," என்பார், பரிசு வாங்கிய பிள்ளையின் குரலில்.

இந்த வியாதி அவருக்கு ஆஸ்பத்திரியில்தான் தொற்றியது. பனிச்சரிவில் அகப்பட்டு இடுப்பு முறிந்து வந்த ஒரு கியூபெக் பையனை மூன்று கிழமை இவர்தான் பார்த்தாராம். இவர் முதுகு துடைக்க, அவன் பனியைப் பற்றிக் கதைத்திருக்கிறான். ஒவ்வொரு பனிப்பொழிவும் மலையில் ஓர் அடுக்காகப் படிகிறது. குளிர் கடுமையானால் சில அடுக்குகள் சீனி மாதிரி உதிரியாகிவிடும். அதற்கு மேலே புதுப்பனி கனமாக வந்து குந்தினால், பிறகு ஓர் ஆளின் பாரம் போதும், மலைச்சரிவே பெயர்ந்து வரும். அவன் குணமாகி வீட்டுக்குப் போனான். அக்கா அடுத்த மாதமே பனிச்சரிவு வகுப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தார், இருபது வயதுப் பொடியன்களுக்கு நடுவில், ஆஸ்பத்திரியில் பழகிய பிரெஞ்சுடன்.

வகுப்பு முடிந்து வந்த பிறகு கட்டடத்தில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. வெளிப்படிக்கட்டு கண்ட இடத்திலெல்லாம் கைபேசியை வைத்துச் சரிவை அளப்பார். முப்பது பாகைக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட எதையும் அவர் நம்பமாட்டார். கல்யாண மண்டபத்தில் தட்டில் குவித்த சோற்றைப் பார்த்து, "இது முப்பத்தெட்டு, கரண்டி வைச்சவுடனை சரியும்" என்று முன்கூட்டியே அறிவிப்பார். கரண்டி வைத்ததும் அது சரியும். பரிமாறுகிறவன் இவரை முறைப்பான்.

பனியின் பலத்தைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. பனியில் ஒரு தூண் வெட்டி, அதன் தலையில் பனி அள்ளும் சவளை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். லவாலில் எங்களுக்கு வேண்டிய ஒரு குடும்பம் இருந்தது. கணவன் என் வகுப்புத் தோழன், மனைவி வீட்டிலேயே கார்தெரி, அதாவது சின்னப் பிள்ளைகள் காப்பகம், நடத்துபவர். அவர்களின் மகளின் பிறந்தநாளுக்கு மூன்றடுக்குக் கேக் வந்தது. அக்கா அதன் தலையில் கேக் கரண்டியை வைத்துத் தட்டத் தொடங்கினார். பதினாலாவது தட்டில் மேலடுக்கு ஸ்ட்ரோபெரியோடு மேசைவிரிப்பில் இறங்கியது.

"பாத்தியளோ, பிழை கேக்கிலை இல்லை, நடுவிலை பூசின கிறீமிலை," என்றார் அக்கா.

பிள்ளைகள் கைதட்டினார்கள். தாய் கைதட்டவில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் கூப்பிட்டார், ஏனென்றால் பிள்ளைகள் அதைத்தான் கேட்டார்கள்.

மலைக்கு ஆபத்து அறிக்கை ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் போட்டு வரும். அக்கா அதை மனிதர்களுக்கும் போடுவார். என் மனைவி வாய்விட்டுப் பேசினால் இரண்டு, கத்தினால் நாலு. ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, உம்மடை வீட்டிலை இண்டைக்கு மூண்டு, கவனம்" என்றார்.

"மூண்டுதானே அக்கா, நடுவிலைதானே நிக்குது."

"அதுதான் சொல்லுறன். நாலு, ஐஞ்செண்டால் ஆக்கள் வீட்டிலை இருந்திடுவினம். மூண்டெண்டால்தான் சமாளிக்கலாமெண்டு நினைச்சுக்கொண்டு போய்ச் சாகிறது."

உள்ளே போனேன். மனைவி ஒன்றும் பேசாமல் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கேக்கும் படிக்கட்டும் அல்ல அக்கா. அவருக்குள்ளே ஓடிய நூல் வேறு. அது பியர்பொன்ட்ஸில் நடந்த ஒரு கல்யாணத்தன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று உறைமழை. வானத்திலிருந்து தண்ணீராக விழுந்து தரையில் கண்ணாடியாகும் மழை. ஒரே காரில் ஐந்து பேர், பட்டுச்சேலை, பலகாரத் தட்டு. புறப்பட முன் அக்கா எல்லோரையும் பார்த்துக் கேட்டார், "போவமோ, விடுவமோ?" ஒருவர் மிச்சமில்லாமல் "பிரச்சினையில்லை அக்கா, போவம்" என்றோம். கல்யாண வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போது கார் மெதுவாக, மிக மரியாதையாக, ஒரு பங்களாவின் முற்றத்துப் பனிக்குவியலுக்குள் போய்ப் புகுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. தட்டிலிருந்த பயத்தம் பணியாரம் என் மடியில் தூளாகிக் கிடந்தது.

"எனக்கு அப்பவே மனம் சரியில்லை," என்றார் காரை ஓட்டியவர்.

"எனக்கும்தான்," என்றாள் என் மனைவி. பின்னால் இருந்த மற்றவரும் அதையே சொன்னார். நானும் சொன்னேன்.

அக்கா திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"எல்லாரும் ஓமெண்டிச்சினம், நான் மட்டும் என்னெண்டு மாட்டனெண்டு சொல்லுறது?" இதையும் நாங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் சொன்னோம்.

தாலி கட்டும் நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்காவோ இழுவை வண்டி வரும்வரை அந்தக் காருக்குள் இருந்து யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "வகுப்பிலை சொன்னவை, கூட்டத்திலை ஒராள் வேண்டாமெண்டால் காணும், எல்லாரும் திரும்ப வேணுமெண்டு. வெள்ளைக்காரப் பொடியளுக்கு அது சரி. எங்கடை ஆக்கள் செத்தாலும் வேண்டாமெண்டு வாய் திறக்காயினம். வேறை வழிதான் பாக்க வேணும்."

அவர் பார்த்த வழிதான் கையுறை. தடித்த சிவப்புக் கம்பளிக் கையுறை ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு கஜுவும் ஓர் உலர்ந்த திராட்சையும் தருவார். முந்திரிப்பருப்பை எங்கள் ஆட்கள் கஜு என்பார்கள், உலர்ந்த திராட்சையைப் பிளம்ஸ் என்பார்கள். போகலாம் என்றால் கையுறைக்குள் கஜு, திரும்ப வேண்டும் என்றால் பிளம்ஸ். கையை மூடிக்கொண்டு போட வேண்டும், யார் எது போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கையில் மிஞ்சியதை உடனே வாய்க்குள் போட்டு விழுங்கிவிட வேண்டும்.

"சாட்சி ஒண்டும் இருக்கக் கூடாது," என்பார். ஒரு பிளம்ஸ் விழுந்தால் காணும், அதுவே போதும், திரும்புவதுதான். காரணம் கேட்பதில்லை.

நாங்கள் சிரித்தோம். எங்கள் பழைய மாணவர் சங்கத்துத் தலைவர் கேட்டுவிட்டு, "மாட்டனெண்டு சொல்லப் பயந்தவன் மலைக்கு ஏன் போறான்?" என்றார்.

இந்தத் தலைவரைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவர் மாணவர் தலைவராக இருந்தபோது நானும் லவால் தோழனும் மூன்று வகுப்புக் கீழே. சேட்டுப் பொத்தான் போடாததற்காக என்னை வெயிலில் நிறுத்தியவர். இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவருக்கு முற்றாகவே போய்விட்டது. இருந்தும் அவர் தொண்டையைச் செருமினால் என் கை தானாகச் சேட்டுப் பொத்தானைத் தேடும். சங்கத்தின் ஆண்டு மலர் அட்டைக்கு, பள்ளிக்கூடக் கொடியைப் பனிமலை உச்சியில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ரொறொன்ரோக் கிளையின் மலரில் வெறும் நயாகராதான் போட்டிருந்தார்களாம்.

அப்படித்தான் ஒரு மார்ச் மாதம் ஐந்து பேர் சிக்-சொக் போனோம். அக்கா, தலைவர், லவால் தம்பதி, நான். முதல் நாள் முழுக்க அக்கா எங்களுக்குப் பாடம் நடத்தினார். பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் ரக்கெட், புதைந்தால் தேடுவதற்கு நெஞ்சில் கட்டும் சமிக்ஞைக் கருவி, மடக்குச் சவள் எல்லாம் தந்தார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"நான் போற தடத்தை விட்டு விலகக் கூடாது. காலுக்குக் கீழை வூம் எண்டு ஒரு சத்தம் கேட்டால், இல்லாட்டில் பனியிலை வெடிப்பு ஓடினால், உடனை எனக்குச் சொல்ல வேணும். அது மலை கதைக்கிறது. அதுக்குப் பிறகு வாக்கெடுப்பும் இல்லை, ஒண்டும் இல்லை."

எல்லோரும் ஓம் என்றோம்.

மறுநாள் காலை ஏறினோம். இரண்டு மணித்தியாலம் ஊசியிலை மரங்களுக்கிடையில் நடை. மரங்கள் முடியும் இடத்தில் அக்கா எங்களை நிறுத்தினார். முன்னால் வெள்ளையாக ஒரு பெரிய சரிவு. அதைக் குறுக்கே கடந்தால் உச்சி. அவர் சவளை எடுத்துப் பனியைத் தோண்டித் தட்டத் தொடங்கினார். அதற்கு நேரம் எடுக்கும் என்று தெரிந்தது. எனக்கோ காலையில் குடித்த இரண்டு கோப்பைத் தேத்தண்ணி அவசரப்படுத்தியது. தோழனின் மனைவி பக்கத்தில் நிற்கும்போது என்ன செய்வது? யாரும் காணாமல் தடத்தை விட்டு விலகி, ஒரு மேட்டுக்குப் பின்னால் போனேன்.

காரியம் நடந்துகொண்டிருந்தபோது காலுக்குக் கீழே பனி ஒரு விரலளவு பொசுக்கென்று இறங்கியது. வூம் என்றது. பெரிய சத்தமில்லை, பக்கத்து அறையில் யாரோ கட்டிலில் குந்தின மாதிரி. என் ரக்கெட்டின் நுனியிலிருந்து ஒரு வெடிப்பு, ஒரு பத்து மீற்றர் நீளத்துக்கு, சரிவை நோக்கி ஓடி நின்றது. சிப்பைக்கூட ஒழுங்காக இழுக்காமல் திரும்பி வந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். ஏன் தடத்தை விட்டு விலகினாய் என்று கேட்பார்கள். என்ன செய்தாய் என்று கேட்பார்கள். தலைவர் கொடியை ஏற்கனவே பையிலிருந்து எடுத்து உதறிக்கொண்டிருந்தார். "இவ்வளவு தூரம் வந்திட்டு ஆரும் திரும்புவினமே?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார். என் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது.

அக்கா குழியிலிருந்து நிமிர்ந்தார். "எனக்கு இதைப் பாத்தால் ரெண்டு விதமாயும் தெரியுது," என்றார். கையுறையை நீட்டினார்.

ஐந்து பேரும் ஒரு மரத்தடியில் நெருங்கி நின்றோம். தலைவர் போட்டார். தம்பதி போட்டார்கள். என் முறை வந்தது. உள்ளங்கையில் இரண்டும் கிடந்தன. இரகசியம்தான், யாருக்கும் தெரியாதுதான். ஆனால் ஒரேயொரு பிளம்ஸ் விழுந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்று மனம் சொன்னது. ஐந்து உயிர் அந்தச் சரிவில் போகப் போகிறது, வெடிப்பைக் கண்டவன் நான் ஒருவன்தான். தெரிந்துகொண்டுதான் கஜுவைப் போட்டேன். மிஞ்சிய பிளம்ஸை வாய்க்குள் போட்டேன். குளிரில் அது கல்லாகியிருந்தது.

அக்கா கடைசியாகத் தன்னுடையதைப் போட்டுவிட்டு, கையுறைக்குள் விரல்விட்டு எண்ணினார்.

"ஒரு பிளம்ஸ் இருக்கு. திரும்புவம்."

"ஆர் போட்டது?" என்றார் தலைவர்.

அக்கா கையுறையை வாயில் கவிழ்த்து, உள்ளே இருந்ததெல்லாவற்றையும் கொட்டி மென்று விழுங்கினார். "இப்ப ஒருத்தரும் போடேல்லை. வாங்கோ."

இறங்கும்போது வேறொரு கூட்டம், நாலு கியூபெக் பொடியன்கள், எங்களைத் தாண்டி மேலே போனது. நாங்கள் மரங்களுக்குள் நுழைய முன் திரும்பிப் பார்த்தால், அவர்கள் சரிவை ஒவ்வொருவராகக் கடந்து உச்சியில் நின்று எங்களுக்குக் கையசைத்தார்கள். ஒன்றும் சரியவில்லை. தலைவரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"பாத்தீரே பிள்ளை?" என்று தலைவர் அக்காவைக் கேட்டார்.

"பாத்தன் அண்ணை. நல்லாய் இருக்கட்டும்," என்று அக்காவும் திருப்பிக் கையசைத்தார். "அவை போகேக்கை சரியேல்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

கொடியோடு படத்தை வாகனத் தரிப்பிடத்தில் எடுத்தோம். பின்னால் பனி அள்ளும் வண்டி ஒன்று தெரிகிறது. மலரில் 'மலைச்சாரலில் நம்மவர்' என்று போட்டார்கள். மொன்றியல் வரும்வரை வாகனத்துக்குள் ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தபடி இருந்தோம். நான் சந்தேகப்படுவதில் எல்லோரையும் மிஞ்சினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆறு மாதத்துக்குள் அந்தக் கதை ஊரெல்லாம் பரவி, திரும்பியது புத்திசாலித்தனம் என்று ஆகிவிட்டது. சங்கத்து ஒன்றுகூடலில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "ஒரு தலைவனுக்கு முன்யோசனை வேணும். அந்தப் பிளம்ஸைப் போட்டது நான்தான்" என்றார். லவாலில் ஒரு விருந்தில் என் தோழன் என் காதோடு சொன்னான், போட்டது தான்தான் என்று. அவன் மனைவி குசினிக்குள் என் மனைவியிடம் சொன்னார், போட்டது தான்தான் என்று. என் மனைவி சிரித்துக்கொண்டே வந்து, "அதைப் போட்டது நீங்கள் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?" என்றாள்.

ஓம், சொல்லியிருந்தேன். ஒரு பிளம்ஸுக்கு நாலு சொந்தக்காரர். என்னைப் போலவே மற்றவர்களும் பொய் சொல்கிறார்கள் என்று அறிந்ததில் எனக்கு அப்படியொரு ஆறுதல். அவர்களைக் கண்டால் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அக்கா மொன்றியலை விட்டுப் போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து. மேற்கே, பெரிய மலைகளின் காலடியில் ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. "அங்கை திரும்பி வாறதுக்கு நிறைய மலை இருக்கு," என்றார். போவதற்கு முதல் ஞாயிறு எங்கள் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாடு முடிய, தலைவர் முன்னறையில் பழைய கதையைத் தொடங்கிவிட்டார். நான் உதவி செய்கிற சாட்டில் குசினிக்குள் போனேன். அக்கா சவ்வரிசிப் பாயாசத்தைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கேக்குதே அக்கா? போட்டது தானாம். லவால் ஆக்களும் தாங்களெண்டுதான் சொல்லித் திரியினம். எல்லாரும் என்ன பொய் சொல்லுகினம் பாருங்கோ," என்றேன்.

"பொய்யில்லைத் தம்பி. அவை சொல்லுறது உண்மை."

"என்னெண்டு? ஒரு பிளம்ஸ்தானே?"

"நாலு. நான் போட்டதோடை நாலு." அவர் கரண்டியால் சட்டியின் அடியைக் கிண்டினார். "ஒண்டு காணுமெண்டுதானே சட்டம். மிச்சத்தை ஏன் சொல்லுவான்? சொன்னால் தலைவருக்கு வெக்கம். கொடியோடை வந்த மனுசன்."

என் தலைக்குள் எல்லாம் ஒரு விரலளவு கீழே இறங்கியது. அத்தனை பேருக்கும் பயம். அத்தனை பேரும் அதைச் சொல்லியும் இருக்கிறார்கள், என்னைத் தவிர.

"அப்ப கஜு ஒண்டே ஒண்டுதான்," என்றேன்.

"ஓம், ஒண்டுதான். ஆரெண்டு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. பிளம்ஸ் போட்டவை மிஞ்சின கஜுவை நறுக்கெண்டு கடிச்சு விழுங்கிச்சினம். ஒராள் மட்டும் கன நேரம் சவைச்சுக்கொண்டு நிண்டவர். குளிருக்கை பிளம்ஸ் லேசிலை அரைபடாது." அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கிண்ணங்களைத்தான் பார்த்தார். "இறங்கி வரேக்கை மேட்டுக்குப் பின்னாலை பனியிலை மஞ்சளாய் ஒரு அடையாளம் கண்டனான். அதிலையிருந்து ஒரு வெடிப்பு ஓடியிருந்தது."

சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவனுக்கு அப்போது சொல்ல என்ன இருக்கிறது? இத்தனை காலமும் இவர் அதைத் தெரிந்துகொண்டே என்னை லிஃப்டில் கண்டு சிரித்திருக்கிறார், என் மனைவிக்கு இலக்கம் போட்டிருக்கிறார், ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. வெட்கத்தில் என் காது சுட்டது. அந்த ஐந்தடி மனுசியின் காலில் விழலாம்போல இருந்தது.

"கொண்டுபோய்க் குடுத்திட்டு இருந்து குடியும்," என்று தட்டை என் கையில் தந்தார். "ஓரத்திலை இருக்கிறது உம்மடை."

முன்னறையில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு இருந்தேன். தலைவர் பாயாசத்தில் கஜுவைக் கடித்தார். நறுக்கென்றது. லவால் தம்பதியின் பக்கமிருந்தும் நறுக்கென்றது. நான் என் கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டுக் கிண்டினேன். அடிவரை கிண்டிப் பார்த்தேன். ஒரு கஜுகூட இல்லை, முழுக்கப் பிளம்ஸ்.

"என்ன, நீர் ஒண்டும் கதைக்கிறீர் இல்லை?" என்றார் தலைவர்.

"தடத்தை விட்டு விலகிப்போய், வெடிப்பைக் கண்டும் சொல்லாமல் விட்டவன் நான், அண்ணை. கஜுவைப் போட்டதும் நான்தான்," என்றேன்.

குசினி வாசலில் அக்கா வந்து நின்றார். அங்கே கட்டிவைத்திருந்த பயணப் பெட்டியிலிருந்து சிவப்புக் கையுறையை எடுத்து, என் மடியில் போட்டார்.

"ஞாபகத்துக்கு வைச்சிரும். வாய் திறந்து சொல்லப் பழகீட்டீர், ஒளிச்சுப் போட இனி உமக்கு இது தேவைப்படாது," என்றார். "பாயாசத்தைக் குடியும், ஆறப்போகுது."